கற்பனையும் செபத்தின் கருவிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பகுதியில் அண்மையில் வந்த ஒரு கட்டுரை, தியானத்தில் மனத்துக்குள் எந்த உருவமும் எழக்கூடாது, எழுந்தால் அது கற்பனையே தவிர செபமல்ல என்று சொல்லியிருந்தது. இராமநாதபுரம் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகளில் (கோயில் வட்டாரங்களில்) தியானங்களுக்குத் துணைநிற்பவர்கள் நாங்கள். கட்டுரையைப் படித்த பலர், ‘அப்படியென்றால் நாங்கள் செய்துவந்தது தப்பா?’ என்று கேட்கிறார்கள். தப்பே இல்லை. நற்செய்திக் காட்சி ஒன்றை மனக்கண் முன் நிறுத்தி, அதற்குள் நுழைந்து, அங்கே இயேசுவோடு பேசுவது கத்தோலிக்கத் திருச்சபையில் நன்கு வேரூன்றிய செபமுறை. ஆனால் அதற்கு ஒழுங்கு உண்டு, எல்லையும் உண்டு. இந்த இரண்டையும் சொல்லிக்கொடுக்காமல் விடும்போதுதான் கட்டுரையாளர் அஞ்சுகிற கோளாறுகள் வருகின்றன.

இந்த முறைக்குத் தெளிவான வடிவம் கொடுத்தவர் லொயோலா இஞ்ஞாசியார். 1521-இல் பாம்பலோனா போரில் கால் உடைந்து படுத்திருந்தபோது கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர், பிறகு தம் அனுபவத்தைப் பயிற்சிகளாக எழுதிவைத்தார். அந்த ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஒப்புதல் தந்தார். மறு ஆண்டே இஞ்ஞாசியார் தொடங்கிய இயேசு சபையைச் சேர்ந்த அந்தோனி கிரிமினாலி நம் வேதாளையில் கொல்லப்பட்டார். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட அருளானந்தரும் (ஜான் டி பிரிட்டோ) அதே சபையினர்தான். ஆகவே இது நேற்று எங்கிருந்தோ வந்திறங்கிய புதுமை என்று இந்தக் கரையில் யாரும் எண்ண வேண்டியதில்லை.

செய்முறைக்கு வருவோம். மாற்கு 4:35-41, புயலை அடக்கும் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். முந்தின இரவே அதை இரண்டு முறை வாசித்துவிட வேண்டும். மறுநாள் செபிக்கும் இடத்துக்கு ஓரடி முன்னால், ஒரு பரலோக மந்திரம் (‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்ற செபம்) சொல்லும் நேரம் நின்று, இறைவன் தம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பின்னால் வருகிற பராக்குகளில் (கவனச் சிதறல்களில்) பாதிக்கு இதுவே காரணம். அடுத்து நிகழ்ச்சியைச் சுருக்கமாக நினைவுக்குக் கொண்டுவருவது, இடத்தை மனத்தில் அமைப்பது, வேண்டிய வரத்தைக் கேட்பது. இந்தப் பகுதிக்குரிய வரம் ‘ஆண்டவரை உள்ளார அறிந்து, அன்பு செய்து, பின்செல்ல வேண்டும்’ என்பது. வீட்டுக் கடன் தீர வேண்டும் என்பதை இங்கே கொண்டுவர வேண்டாம், அதற்கு வேறு நேரம் இருக்கிறது.

இடத்தை அமைப்பதில் நம் மக்களுக்கு ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. ‘கடல்’ என்றதும் பாக் நீரிணையோ மன்னார் வளைகுடாவோ கண்முன் வந்து நிற்கும். கலிலேயக் கடலோ உப்பில்லாத நன்னீர் ஏரி. ஏறத்தாழ 21 கி.மீ. நீளம், 13 கி.மீ. அகலம். கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே, மலைகளுக்கு நடுவில் கிடக்கிறது. மேலிருந்து காற்று சட்டென்று இறங்கினால் சற்று நேரத்தில் அலை எழுந்துவிடும். அந்தக் கரையில் 1986-இல் சேற்றிலிருந்து கிடைத்த முதல் நூற்றாண்டுப் படகின் நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் 2.3 மீட்டர். இவ்வளவு தெரிந்தால் போதும். அதையும் மீறி மனம் பாம்பன் கடலைத்தான் காட்டுகிறது என்றால் காட்டட்டும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயாவைத் தமிழ்நாட்டு வளங்களோடு பாடவில்லையா? இடம் நம்முடையதாக இருக்கலாம், நடந்தது மட்டும் நற்செய்தியில் உள்ளபடியே இருக்க வேண்டும். உண்மையான வரலாற்று அடித்தளத்தின் மேல்தான் தியானம் நிற்க வேண்டும் என்பது இஞ்ஞாசியார் தருகிற இரண்டாவது குறிப்பிலேயே இருக்கிறது.

பிறகு ஆள்களைப் பார்ப்பது, அவர்கள் பேசுவதைக் கேட்பது, செய்வதைக் கவனிப்பது. இருட்டுகிற நேரம். இயேசு அமரத்தில் (படகின் பின்பக்கத்தில்) தலையணை வைத்துத் தூங்குகிறார். அணியத்தில் (முன்பக்கத்தில்) அலை ஏறி உள்ளே விழுகிறது. ஒருவர் தண்ணீர் இறைக்கிறார், ஒருவர் பாயை அவிழ்க்கப் பார்க்கிறார். கூடவே வேறு படகுகளும் வந்தன என்று மாற்கு எழுதியிருக்கிறார், யாரும் கவனிப்பதில்லை. நனைந்த கயிற்றின் பிடி, வாயில் தெறிக்கும் நீர், நனைந்த துணியின் குளிர் என்று ஐம்புலன்களும் இங்கே வேலை செய்யலாம். கடைசியில் உரையாடல்: ஒரு நண்பன் நண்பனிடம் பேசுவதுபோல அவரிடம் நேரடியாகப் பேசிவிட்டு, பரலோக மந்திரத்தோடு முடிக்க வேண்டும். முடித்ததும் எழுந்து போய்விடக் கூடாது. கால் மணி நேரம் உட்கார்ந்தோ நடந்தோ, எங்கே மனம் தொடப்பட்டது, எங்கே வறண்டது என்று திரும்பிப் பார்த்து இரண்டு வரி எழுதிவைக்க வேண்டும். மறுநாள் புதிய பகுதிக்குத் தாவாமல், தொடப்பட்ட அல்லது வறண்ட அந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். நாளுக்கொரு பகுதி என்று ஓடுவதால்தான் பலருக்கு ஒன்றும் ஒட்டுவதில்லை.

நூல் சொல்வது முழுதாக ஒரு மணி நேரம். புதியவர்களுக்கு அரை மணி போதும்: இடத்தை அமைக்க ஐந்து நிமிடம், காட்சிக்குள் பதினெட்டு, உரையாடலுக்கு ஏழு. வறட்சியாக இருக்கிறது என்று நேரத்தைக் குறைத்தால் வறட்சி வெல்லும், அப்போது இரண்டு நிமிடம் கூடுதலாக இருக்க வேண்டும். விடியற்காலை கரை திரும்பியவர் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். அவர் நின்றுகொண்டு செபிக்கலாம். முழந்தாளிட்டோ, குப்புற விழுந்தோ, மல்லாந்து படுத்தோ, உட்கார்ந்தோ, நின்றோ, தேடுவது எந்த நிலையில் கிடைக்கிறதோ அதிலேயே இருக்க அனுமதி உண்டு.

இப்போது எங்களை மிகவும் வருத்தும் விஷயம். தவக்காலத் தியானங்களிலும் கைபேசியில் பரவும் ஒலிப்பதிவுகளிலும், பின்னணி இசையோடு ஒருவர் இடைவிடாமல் பேசிக்கொண்டே போகிறார்: இயேசு உன் அருகில் வருகிறார், உன் தோளில் கை வைக்கிறார், நீ அழுகிறாய். இது தியானம் அல்ல, வானொலி நாடகம். கேட்பவர் அழுவது உண்மைதான், ஆனால் அந்தக் கண்ணீரை வரவழைத்தது பேசுபவரின் குரல். வழிகாட்டுபவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும், தானே கண்டுகொள்வதுதான் ஒருவருக்குச் சுவையும் பலனும் தரும் என்று இஞ்ஞாசியார் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஐந்து நிமிடம் குறிப்பு, பிறகு முழு அமைதி. ஒலிபெருக்கியை அணைத்துவிட வேண்டும்.

தனியாகச் செய்யும்போது வரும் பிழைகள் வேறு. கரையில் நின்று படம் பார்ப்பதுபோல் பார்ப்பது ஒன்று. படகுக்குள் தண்ணீர் இறைக்கும் வேலையை எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும். இடத்தை அமைப்பதிலேயே அரை மணி கழிப்பது இன்னொன்று. வேதியர்களும் (மறைக்கல்வி கற்பிப்பவர்கள்) மறையுரை தயாரிப்பவர்களும் ஞாயிற்றுக்கிழமைக்குக் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். இவற்றையெல்லாம்விட ஆபத்தானது, காட்சிக்குள் இயேசு சொன்னதாகத் தோன்றும் வார்த்தையைக் கட்டளையாக எடுத்துக்கொள்வது. மாத்திரையை நிறுத்து, வீட்டை விற்றுவிடு, அவளை விட்டுப் பிரி என்று எந்தச் சொல் எழுந்தாலும் அதன்படி நடக்கக் கூடாது. நற்செய்தியோடு அது ஒத்துப்போகிறதா, மனத்துக்கு அமைதி தருகிறதா பதற்றம் தருகிறதா என்று பார்த்து, வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும். இல்லாத குரல்கள் கேட்கும் மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கு இந்த முறையே வேண்டாம். செபமாலையும் திருப்பாடல்களும் அவர்களுக்குப் போதும்.

‘எனக்கு எந்தப் படமும் வருவதில்லையே’ என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஸ்பெயின் நாட்டுப் புனிதை அவிலா தெரேசாள் துணை. தம் கற்பனை மிகவும் மந்தம் என்றும், இருட்டில் ஒருவரோடு பேசும்போது அவர் இருப்பது தெரிகிறது, உருவம் தெரிவதில்லை, அப்படித்தான் தமக்கும் என்றும் எழுதியவர் அவர். அருகில் இருக்கிறார் என்ற உணர்வு போதும்.

கட்டுரையாளர் சொன்னதிலும் ஓர் உண்மை இருக்கிறது. உருவங்களை விட்டுவிட வேண்டிய காலம் சிலருக்கு வரும். அதற்கு, தெரேசாளின் காலத்தவரான புனித சிலுவை யோவான் மூன்று அடையாளங்கள் தருகிறார்: கற்பனையால் தியானிக்க முடியாமல் போவது, வேறு எதையும் கற்பனை செய்யவும் விருப்பமில்லாதிருப்பது, இறைவன்மேல் அன்போடு சும்மா இருப்பதிலேயே நிறைவு காண்பது. மூன்றும் சேர்ந்து வர வேண்டும். முதலாவது மட்டும் வந்து, மனம் சினிமாவிலும் சந்தை விலையிலும் திரிந்தால் அது பராக்கு. அதற்கு மருந்து நற்செய்திக்குத் திரும்புவது. எல்லோரையும் முதல் நாளிலிருந்தே வெறுமையில் உட்காரச் சொல்வது சரியல்ல.

நம் கரைக்கென்று ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கணவனையோ மகனையோ கடலில் இழந்தவர்களுக்கு, அதிலும் உடல் கரை சேராத வீட்டாருக்கு, புயல் பகுதியையும் கடல்மேல் நடந்த பகுதியையும் கொடுக்கவே கூடாது. ‘சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா’ என்ற வரி அவர்களுக்கு வாசகம் அல்ல. கூன் விழுந்த பெண்ணையோ (லூக்கா 13:10-17), உயிர்த்த இயேசு சீடர்களோடு நடந்த எம்மாவு வழியையோ (லூக்கா 24:13-35) கொடுக்கலாம். நடுவில் மூச்சு அடைத்தால், கை நடுங்கினால் கண்ணைத் திறந்து, இரு கால்களையும் தரையில் ஊன்றி, தியானத்தை அத்தோடு நிறுத்திவிடச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு பெண் துணைக்கு இருப்பது நல்லது.

பங்குத்தந்தையருக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருக்கிறார்கள். வேலையை விட்டு முப்பது நாள் தனித்திருக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தபடியே நாளும் சிறிது நேரம் செய்யலாம் என்று இஞ்ஞாசியாரின் நூலிலேயே வழி இருக்கிறது. அன்பியம் (பங்கிலுள்ள குடும்பங்களின் சிறு குழு) வாரியாக எட்டு வாரம் இதை நடத்தலாம். பாசி எடுக்கவும் கருவாடு காயவைக்கவும் போகும் பெண்களுக்கு மாலை ஏழுக்குப் பிறகுதான் நேரம் வாய்க்கும், அதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

தங்கள் ஆன்மிகப் பகுதியிலும் அந்த எட்டு வாரமும் வாரத்துக்கு ஒரு நற்செய்திப் பகுதியை, விளக்கவுரை இல்லாமல், மூன்று வரிக் குறிப்போடு வெளியிட்டால் உதவியாக இருக்கும். உயிர்த்த இயேசு கரையில் சீடர்களுக்குத் தோன்றும் யோவான் 21:1-14-இல் தொடங்கலாம். தடைக்காலம் பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) காலத்தை ஒட்டியே வருவதால் பொருத்தமாகவும் இருக்கும். குறிப்புக்கு இவ்வளவு போதும்: விடியல், கரையிலிருந்து படகு ஏறத்தாழ 90 மீட்டர் தூரம். வலையில் 153 மீன், வலை கிழியவில்லை. கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். தலைமைக் குரு வீட்டு முற்றத்தில் இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தபோது குளிர்காய்ந்ததும் கரிநெருப்பில்தான்.

இப்படிக்கு,
தியானங்களுக்குத் துணைநிற்கும் பொதுநிலையினர் சிலர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்