பஸ்ஸில் பூசணி பொறுக்கித் தந்த அக்காவுக்கு

நேற்றுப் பின்னேரம் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் பக்கத்தில் நின்ற அக்கா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் இறங்கிவிட்டேன். பிரேக் அடித்ததில் என் பெட்டி திறந்து, மூன்று வாரமாகச் செய்த குட்டி பொம்மை ஹாலோவீன் வீடும் சூனியக்காரியும் பூசணிகளும் சிதறியபோது, "ஒருத்தரும் காலை அசைக்காதீங்கோ" என்று சத்தம் போட்டு, ஃபோன் வெளிச்சத்தில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தந்தீர்கள். எல்லாம் 1:48 அளவு, அதாவது நிஜத்தில் ஒரு அடி நீளமானது இதில் கால் அங்குலம்தான், பூசணி ஒரு பட்டாணிதான். சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் களிமண்ணான பொலிமர் களிமண்ணை 130 பாகை செல்சியஸில் சுட்டு, ஊசியால் கண் கீறியவை. சூனியக்காரியின் துடைப்பம் முறிந்தது, சரி, ஒட்டிவிட்டேன். பூசணி பன்னிரண்டும் இருக்கின்றன. ஹாலோவீன் நாளான ஒக்டோபர் 31க்கு மருமகளுக்குக் கொடுக்கப்போகிறேன். மிக்க நன்றி அக்கா.