விதைப்பூண்டைப் பரிசோதித்த பின்னரே நடவுக்குக் கொடுங்கள்

தமிழ்நாடு தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை இயக்குநர் அவர்களுக்கும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் அறிஞர்களுக்கும் வணக்கம்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் பூம்பாறை, மன்னவனூர்ப் பகுதி விவசாயிகளுக்கு நியாயமான பெருமை உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டிய விதைப்பூண்டில் வைரஸ் இருக்கிறதா என்று நடவுக்கு முன்பே கண்டறியும் வசதியை மலையிலேயே ஏற்படுத்தித் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பூண்டில் விதை பிடிப்பதில்லை. பல்லைப் பிரித்து நட்டுத்தான் வளர்க்கிறோம்; நடவுக்கு ஒதுக்கும் பூண்டையே விதைப்பூண்டு என்கிறோம். எனவே செடிக்குள் ஒருமுறை புகுந்த வைரஸ், பல் வழியாகவே அடுத்தடுத்த போகங்களுக்கும் போய்ச் சேருகிறது. பூண்டைத் தாக்கும் வெங்காய மஞ்சள் குட்டை வைரஸையும் லீக் மஞ்சள் கோடு வைரஸையும் அசுவினிகள் பரப்புகின்றன. அசுவினி சில வினாடிகள் சாறு உறிஞ்சினாலே அவை தொற்றிவிடும் என்பதால், மருந்தடித்துப் பூச்சி சாவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. பூண்டைத் தாக்கும் இன்னொரு வகையான அலெக்ஸி வைரஸ்களோ, கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்கள் வழியாகச் சேமிப்பில் இருக்கும் பூண்டிலேயே பரவக்கூடியவை.

வைரஸ் தாக்கிய செடியின் இளம் இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், நரம்பை ஒட்டி வெளிர்மஞ்சள் கோடுகள் நீளவாக்கில் ஓடுவது தெரியும். ஆனால் இலைப்பேன் சுரண்டிய வெள்ளிநிறத் தடத்தையும் சத்துக்குறைவால் வரும் வெளுப்பையும் அதிலிருந்து பிரித்தறிவது அனுபவசாலிக்கும் கடினம். பூண்டின் மறைநிலை வைரஸ் தனித்திருக்கையில் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது; மற்றொன்றோடு சேரும்போது விளைச்சலைக் கூடுதலாகக் குறைக்கும். ஆகவே கண்ணால் பார்த்து விதைக்குத் தேர்ந்தெடுப்பது அவசியம்தான் என்றாலும் அது மட்டும் போதாது. வைரஸின் புரதத்தைக் கண்டறியும் எலைசா சோதனையையும், ஐயமுள்ள மாதிரிகளுக்கு வைரஸின் மரபுப்பொருளைக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் சோதனையையும் வழக்கமாக்க வேண்டும். ஒரே பூண்டின் பற்களுக்குள்கூட வைரஸின் அளவு மாறுபடும் என்பதால், ஒரு பல்லை மட்டும் சோதித்துவிட்டு நல்ல விதை என்று சான்று தருவது ஆபத்தானது.

பூண்டுக்கு உறவான காட்டு வெங்காய இனங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். இமயமலைச் சரிவுகளில் தானாக வளரும் இனங்களை நோய் எதிர்ப்புத்திறன் தேடிச் சேகரிக்கும்போது, அறிகுறி தெரியவில்லை என்பதை வைரஸ் இல்லை என்று பதிவேட்டில் எழுதிவிடக் கூடாது. வைரஸைத் தாங்கிக்கொண்டு செழித்து நிற்கும் செடி, பக்கத்துப் பாத்திக்குத் தொற்றின் ஊற்றாகிவிடும்.

நீலகிரிப் பூண்டை மேட்டுப்பாளையம் மண்டியில் வடமாநில வியாபாரிகள் விதைக்காகவே வாங்கிச் செல்கிறார்கள். நாம் சோதிக்காமல் அனுப்பும் மூட்டையோடு வைரஸும் மாநிலம் தாண்டுகிறது. இதற்கு நமக்கும் பொறுப்பு உண்டு.

அரை மில்லிமீட்டருக்கும் சிறிய குருத்து நுனியைத் திசு வளர்ப்பில் வளர்த்து, வைரஸ் நீங்கிய செடியை உருவாக்க முடியும். அதைத் திறந்தவெளியில் விட்டால் சில போகங்களிலேயே மீண்டும் தொற்று ஏறிவிடும். ஆகவே பூச்சி புகாத வலைக்கூடத்தில் தாய்ச்செடிகளை வைத்து, அவற்றின் விதைப்பூண்டைக் குறித்த கால இடைவெளியில் விவசாயிகளுக்குப் புதிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். செலவுதான், ஆனால் தவிர்க்கக் கூடாத செலவு.

முதற்கட்டமாக, அக்டோபர்–நவம்பர் நடவில் விதைக்கென ஒதுக்கும் வயல்களைப் பதிவு செய்து, இலை காயத் தொடங்கும் முன்பே மாதிரி எடுத்து, அறுவடைக்குள் முடிவைத் தமிழில் எழுதி விவசாயியிடம் கொடுக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பயிர் நோயியல் படித்த, மலைப்பூண்டு விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்