வாட்டர்லூ தெருவிலிருந்து ஒரு கடிதம்

சிங்கப்பூர்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நலம். அங்கு அனைவர் நலமும் அறிய ஆவல்.

'சீனர்கள் கிருஷ்ணன் கோயிலில் கும்பிடுகிறார்களாமே, எல்லா மதமும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?' என்று கேட்டிருந்தீர்கள். கும்பிடுவது உண்மைதான். ஆனால் அதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது என்றே எனக்குப் படுகிறது.

வாட்டர்லூ தெருவில் 1870-இல் தோன்றிய கிருஷ்ணன் கோயிலும் 1884-இல் வந்த குவான் இம் கோயிலும் அக்கம்பக்கம். அதே தெருவில் 1878-இல் கட்டிய யூதர் ஜெபக்கூடமும் இருக்கிறது. குவான் இம் கருணையே வடிவான போதிசத்துவர், அதாவது பிறர் துயர் தீர்க்க நிற்கும் பௌத்த அருளாளர். சீனர்களுக்கு அம்மன் மாதிரி. ஊதுவத்தியை இரு கையாலும் நெற்றிக்கு நேரே பிடித்து வணங்கி, சாம்பல் நிரம்பிய கலசத்தில் நடுவார்கள். பிறகு மண்டியிட்டு, எண் போட்ட குச்சிகள் உள்ள குழலைக் குலுக்குவார்கள். ஒரே குச்சி விழவேண்டும். இரண்டு விழுந்தால் திரும்பப் போட்டுக் குலுக்கவேண்டும். விழுந்தது சரியான பதில்தானா என்று பார்க்க, பிறை வடிவக் கட்டைகள் இரண்டைத் தரையில் போடுவார்கள். ஒன்றில் தட்டைப் பக்கமும் மற்றதில் வளைந்த பக்கமும் மேலே வந்தால் 'ஆம்'. இரண்டிலும் வளைவு மேலே வந்தால் 'இல்லை'. இரண்டும் தட்டையாக வந்தால் தெய்வம் சிரிக்கிறது, கேள்வியைத் தெளிவாகக் கேள் என்று பொருள். இதையெல்லாம் முடித்தவர்கள் பலர் அப்படியே நடந்துவந்து கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். அதற்கென்றே கோயிலார் அங்கே கலசம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டு வருவது உதவி. எது முழு உண்மை என்ற வழக்கு அந்த வாசலில் எழுவதேயில்லை.

அந்த வழக்கு நூல்களில் இருக்கிறது. என்னைவிட உங்களுக்கு அது நன்றாகத் தெரியும். 'யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வமாகி ஆங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்' (எந்தத் தெய்வத்தைக் கொண்டாலும் சிவனே அத்தெய்வமாக வருவார்) என்ற பாட்டு, சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் வருவது. மேடைகளில் அதை அந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மற்றத் தெய்வங்கள் வேதனைப்படும், இறக்கும், பிறக்கும், வினை செய்யும். இவை இல்லாத சிவனே அறிந்து அருள்வான் என்று பாட்டு மேலே போகிறதே! கீதை 9:23-உம் இப்படித்தான்: பிற தெய்வங்களை நம்பிக்கையோடு தொழுகிறவர்களும் என்னையே தொழுகிறார்கள், ஆனால் விதிமுறைப்படி அல்ல. கத்தோலிக்கத் திருச்சபை 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட அறிக்கை, பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாய் உள்ள எதையும் தான் தள்ளுவதில்லை என்கிறது. சமய வாழ்வின் நிறைவு கிறிஸ்துவிடமே என்றும் அதே பத்தியில் சொல்கிறது. மூன்றுக்கும் அச்சு ஒன்றே: உன்னிடம் இருப்பது பங்கு, முழுமை என்னிடம்.

எனக்கு இது பிடித்திருக்கிறது, பெரியப்பா. 'எல்லாம் ஒன்று' என்று வேறுபாட்டையே அழித்துவிடுவதைவிட இது நேர்மையானது. அடுத்தவர் சார்பில் நாமே பேசத் தொடங்கும்போதுதான் கெட்டுப்போகிறது. கார்ல் ரானர் என்ற இறையியலாளர், கிறிஸ்துவை அறியாமலே அவருடைய அருளில் வாழ்கிறவர்களைப் 'பெயரறியாக் கிறிஸ்தவர்கள்' என்றார். அன்போடு சொன்னதுதான். ஆனால் தினமும் திருநீறு பூசும் உங்களை ஒருவர் அப்படி அழைத்தால் ஏற்பீர்களா? 'நீங்கள் தொழுவதும் சிவனைத்தான்' என்று ஒரு முஸ்லிமிடம் சொன்னால் அவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

இங்கே 1949 முதல் சர்வசமய அமைப்பு ஒன்று இருக்கிறது. இப்போது அதில் பத்துச் சமயங்கள். பொது நிகழ்ச்சிகளில் ஒவ்வொருவரும் முறைவைத்துத் தம் மறையிலிருந்து தாமே ஓதுகிறார்கள். மற்றவர்கள் மரியாதையோடு நிற்கிறார்கள். யாரும் தம் உண்மையைக் கழித்துக்கொள்ள வேண்டியதில்லை.

வீட்டுக்கும் இது பொருந்தும். சாமிக்குப் படைத்ததை முஸ்லிம்கள் பலரும் கிறிஸ்தவர்கள் பலரும் உண்பதில்லை. பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் எட்டாம் அதிகாரமே இந்தச் சிக்கலைப் பற்றியதுதான். நம்மை அவமதிப்பதாக நினைக்கவேண்டாம். பொங்கலன்று பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதைப் படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்துவைத்து, 'இது படைக்காதது' என்று சொல்லிக் கொடுக்கும்படி பெரியம்மாவிடம் சொல்லுங்கள்.

சித்தியாரின் பழைய உரைகளில் 'வேதனைப்படும்' என்பதற்கு என்ன விளக்கம் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அந்தச் சொல்லில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்