தம்பிக்கு, தலைத்திவசத்துக்கு முன்னால்

தம்பி,

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் அப்பாவுக்குத் தலைத்திவசம் என்று சித்தி சொன்னார். நீ சொல்லி அனுப்பவில்லை. இருந்தாலும் வருவதென்று முடிவு செய்துவிட்டேன். என் போனை எடுக்காவிட்டாலும் இங்கே எழுதுவதையெல்லாம் நீ படிக்கிறாய் என்று உன் பெண் சொன்னாள். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

ஊர்க்காரர்களும் படிப்பார்கள். அப்பாவை எடுக்கிற அன்று புளியமரத்தடியில் சரவெடியைக் கொளுத்தி மலைத்தேனீயைக் கலைத்தது யார் என்று எழுதமாட்டேன். நிலப் பேச்சும் இங்கே வேண்டாம்.

மொட்டையடித்த தலையும் ஈரவேட்டியும் கையில் கொள்ளிச்சட்டியுமாக நீ நின்றது கண்ணைவிட்டுப் போகவில்லை. சிரைத்த தலையில் கொடுக்குகள் தனித்தனியாகத் தெரிந்தன. இடது காதுக்கு மேலே ஒன்று. கறுத்த முள், அதன் வெளிமுனையில் அரிசிக் குருணை அளவு வெள்ளைப் பை. தேனீ எப்போதோ போய்விட்டது, பை மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது.

தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய ரம்பப் பல் உண்டு. தோலில் மாட்டினால் திரும்ப உருவ முடியாது. வயிறு கிழிந்து தேனீ செத்துப்போகும், பையும் அதை இயக்கும் தசையும் நம்மிடம் தங்கிவிடும். முதல் இருபது, முப்பது விநாடிக்குள் பெரும்பகுதி விஷம் இறங்கிவிடும். கிள்ளி எடுக்காதே, வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று அன்று ஒருவர் ஏடிஎம் கார்டு தேடி ஓடினார் இல்லையா? 1996ல் லான்செட் இதழில் இதைச் சோதித்து எழுதினார்கள். கிள்ளினாலும் வழித்தாலும் வீக்கத்தில் வித்தியாசமில்லை, தாமதித்தால்தான் வித்தியாசம். நகம் போதும்.

ஆனால் அதை மரத்தடியில் நின்று செய்தது என் தப்பு. கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழ வாசனை மாதிரி ஒன்று கிளம்பும். மற்ற தேனீக்களுக்கு அதுதான் அழைப்பு. மலைத்தேனீ அதைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் துரத்தும். உன்னை முதலில் இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் கொடுக்கு எடுப்பது. நான் நின்ற இடத்திலேயே எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு.

சித்தி சுண்ணாம்பு கொண்டுவந்த கையைத் தட்டிவிட்டதற்கு அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டாயிற்று. தட்டிவிட்டது மட்டும் சரிதான். விஷம் தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே பூசும் சுண்ணாம்பு அங்கே போகாது. தோலைப் புண்ணாக்கும். உன் இமையில் இரண்டு கொட்டு இருந்தது, கண்ணுக்குள் பட்டிருந்தால் பார்வையே போயிருக்கும்.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது வேறொன்றுக்கு. உள்ளங்கை அரிக்கிறது என்றாய். குரல் கரகரத்தது. ஒருமுறை வாந்தி எடுத்தாய். ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் வேலை பார்க்கிறவள், அந்த நேரத்தில் ஒரு அவில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஊர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அவில் அரிப்பைக் குறைக்கும். சுருங்கும் மூச்சுக்குழாயைத் திறக்காது, இறங்கும் பிரஷரை ஏற்றாது. அதற்கு அட்ரினலின் ஒன்றுதான். அது எனக்குத் தெரியும், ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்துக்கு என்னை மன்னித்துவிடு.

நீ கேட்கச் சொல்லும் மன்னிப்பு அது அல்ல என்று தெரியும். கொள்ளி வைக்கவிடாமல் உன்னை ஏற்றிக்கொண்டு போனதுதான் ஒரு வருஷமாக ஊரெல்லாம் நீ சொல்லும் குற்றம். "நான் நல்லாத்தான் இருக்கறேன்"னு சட்டியோடு எழுந்தாய், எழுந்தவுடனே விழுந்தாய். விஷம் ஒவ்வாமல் பிரஷர் இறங்கும் அந்த நிலையில் ரத்தம் காலில் தேங்கிவிடும், எழுந்து நின்றால் இதயத்துக்கு வந்து சேராது. நிற்கப்போய் அப்படியே போனவர்கள் உண்டு. அதனால்தான் படுக்கவைத்துக் காலைத் தூக்கினேன். மூச்சு மட்டும் திணறினால் சாய்ந்து உட்காரலாம், நிற்க மட்டும் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடையில் அரை மில்லி ஊசி போட்டதும் உன் உதட்டில் நிறம் வந்தது, இரண்டாவது ஊசிக்கு அப்புறம் சட்டையைத் தேடினாய், சுடுகாட்டுக்குத் திரும்பிப் போக. விடவில்லை. அந்த ஒவ்வாமை அடங்கின மாதிரி இருந்து சிலருக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடி தூக்கும். இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும் என்று ஊரில் அவசரப்பட்டார்கள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான்.

ராத்திரி உன் சிறுநீரைப் பாட்டிலில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்ததைக்கூட அவமானம் என்றாய். நிறையக் கொட்டு வாங்கினால் தசையும் ரத்த அணுவும் உடைந்து சிறுநீரகத்தை அடைக்கும். கட்டங்காப்பி நிறத்துக்கு மாறினால் அதுதான் எச்சரிக்கை. உனக்கு வெளிர் மஞ்சளாகவே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அப்பாவை நினைத்து அழுதேன்.

அவர் எனக்கும் அப்பா. பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது, தெருமுனை வரைதான் எனக்கு உரிமை. அந்தத் தெருமுனையும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸில் உன் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதை ஒருத்தராவது, நீயாவது, கேட்டீர்களா?

சரி, விடு. பாதம் ஐஸ் மாதிரி இருந்தது, முழுக்கத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

அதே கிளையில் மறுபடி அடை கட்டியிருக்கிறது என்று உன் பெண் போட்டோ அனுப்பினாள். மலைத்தேனீ வந்த மரத்துக்கே திரும்ப வரும். மாந்தோப்பில் பூ இருக்கும்வரை போகாது, முடிந்தால் தானாகக் கிளம்பும். ராத்திரியில் பந்தம் கொளுத்தி எரிக்காதே. படையல் அடுப்பை வடக்கு வாசலுக்கு மாற்று, காற்று மரத்துப் பக்கம் புகையைக் கொண்டுபோகக் கூடாது. மாட்டை மரத்தடியில் கட்டாதே, புளி உலுக்கும் ஆளையும் தள்ளிப்போடு. வெடி கூடவே கூடாது, யார் கொண்டுவந்தாலும் சரி. கலைந்தால் துண்டை வீசாமல், தலையை மூடிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குள் ஓடட்டும். கிணற்றில் குதித்தால் மேலேயே சுற்றிக்கொண்டு காத்திருக்கும்.

மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு கொட்டு என்றால் பயமில்லை. மோதிரம், மெட்டி, வளையலை உடனே கழற்ற வேண்டும், அப்புறம் கழறாது. துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிஷம், வலிக்குப் பாராசிட்டமால், அரிப்புக்கு சிட்ரிசின். வீக்கம் இரண்டு நாள் ஏறிக்கொண்டே போகும், சீழ் என்று பயந்து ஆன்டிபயாடிக் வாங்க வேண்டாம். கல்லுமேட்டில் செந்தேள் கொட்டினால் அது வேறு. குழந்தை குளிர்ந்து வியர்த்து வாந்தி எடுத்தால் மந்திரிக்காமல் 108க்குச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் பிரசோசின் கொடுப்பார்கள்.

உனக்கு ஒரு கொட்டே போதும். உன் பிரஷர் மாத்திரை அட்டினலால் வகையா என்று அட்டையைப் பார். அந்த வகை, அட்ரினலினை முழுதாக வேலை செய்யவிடாது. நீயாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள். அவர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஆம்பூலை, அந்த ஊசிமருந்துக் குப்பியை, நீ வாங்கவில்லை என்பதும் தெரியும். 1 மில்லியில் 1 மில்லிகிராம், பெரியவர்களுக்கு அதில் பாதி, தொடையின் வெளிப்பக்கம் நடுவில், வேட்டிக்கு மேலேயே குத்தலாம். ஐந்து நிமிஷத்தில் தெளியாவிட்டால் மீதிப் பாதி. தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். வண்டிப் பெட்டியில் வைக்காதே, வெயிலில் கெடும். பழுப்பு நிறமானால் தூக்கிப் போடு.

இரண்டு ஆம்பூல் வாங்கிக் கறுப்புத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் போச்சம்பள்ளி பஸ்ஸில் வந்து இறங்குவேன். படையலுக்கு முன்னால் உன் மனைவிக்கு எந்த இடம் என்று காட்ட வேண்டும். என்னோடு பேச வேண்டாம், காலை மட்டும் நீட்டு.

அக்கா