பூ வந்த சேதி

எடின்பரோ
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பொங்கலன்று கைக்கு வந்தது. மூன்று மாதமாக ஒரு வரி எழுதாமல் இருந்தது தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மாவின் மூட்டுவலி தேவலையா? பர்கூர் மாமா எருதுவிடும் விழாவுக்கு வந்தாரா?

குளிர் இருக்கிறது, தாங்கிக்கொள்ளலாம். டிசம்பரில் நாலு மணிக்குள் பொழுது இறங்கிவிட்டது. ராகி மாவு கிடைக்கிறது. துடுப்பு இல்லாமல் மரக்கரண்டியில் கிண்டுவதால் களி கட்டி தட்டுகிறது. இரண்டு வேளையும் அதுதான், உடம்புக்கு நல்லது. பணத்துக்குக் குறை இல்லை. தங்கச்சி ஃபீஸ் மட்டும் அடுத்த மாதம் அனுப்புகிறேன்.

கீழ்வீட்டுப் பெரியவர் தினமும் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு, கதவில் மாட்டிய சிலேட்டில் ஓர் எண் எழுதுவார். 70 என்றால், மழைக்கு நூற்றில் எழுபது வாய்ப்பு. அப்படி எழுதிய நாட்களில் பத்துக்கு ஏழு நாள் பெய்திருந்தால்தான் அவருக்குத் திருப்தி. ஒன்பது நாள் பெய்தாலும் முகம் சுருங்கிவிடும். என்னைப் பார்த்தால் அந்த எண்ணைச் சொல்வார், வேறு பேச்சு கிடையாது.

என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். இதுதான் அப்பா. கம்ப்யூட்டர் மாடலுக்கு இலைப் படங்களைக் காட்டி நோயைக் கண்டுபிடிக்கப் பழக்குகிறோம். பார்த்தே இராத இலையைக் காட்டினாலும் 99 சதவீதம் உறுதி என்கிறது. தெரியாததைத் தெரியாது என்று அது சொல்ல வேண்டும். அதற்கு அடிப்படையான வழியைத் தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியார் எழுதி வைத்தார். இந்த ஊரில் படித்தவர். அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1763இல், நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் அதை வெளிக்கொண்டுவந்தார். முன்பு நினைத்ததைப் புதிதாகக் கண்டதை வைத்துத் திருத்திக்கொள்வது, அவ்வளவுதான். ஆனால் மாடலுக்குள் லட்சக்கணக்கான எண்கள். அவை எப்படியெல்லாம் அமையலாமோ அத்தனையையும் கூட்டிப் பார்க்க எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. அதனால் தோராயமாகத்தான் போடுகிறோம்.

நம் மாந்தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மரம் மரமாக நடந்து, காய்ப்பு கூடின பக்கம் அதிகம் நின்று எண்ணுவது ஒரு வழி. மார்கோவ் சங்கிலி மாண்டி கார்லோ என்பார்கள், 1953இலிருந்து நடக்கிறது. நேரம் பிடிக்கும், நடக்க நடக்கச் சரியாகும். வரப்பில் நின்று ஒரே பார்வையில் மதிப்புப் போடுவது இன்னொன்று, வேரியேஷனல் முறை. சீக்கிரம் முடியும். ஆனால் காய்த்த வருஷம், ஓய்ந்த வருஷம் என்று கணக்கு இரண்டு குவியலாக இருந்தால், பெரும்பாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்.

எழுதும்போதே வியாபாரி ஞாபகம் வந்தது. போன வருஷக் காய்ப்பை வைத்து மூன்று வருஷக் குத்தகை கேட்கிறார் என்றீர்களே. அல்போன்சா ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஓயும். போன வருஷம் ஓய்ந்த வருஷம். கையெழுத்துப் போடாதீர்கள் அப்பா. பிஞ்சு பிடிக்கட்டும். கிணற்றடி, மேட்டங்காடு, ரோட்டோரம் மூன்றிலும் பத்துப் பத்து மரம் எண்ணி எழுதுங்கள். குறைந்தது எவ்வளவு, கூடினால் எவ்வளவு என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அப்புறம் ஒரு வருஷத்துக்கு மட்டும் பேசுங்கள்.

“பூ கொட்டிக் கிடக்கிறது” என்று எழுதியிருந்தீர்கள். தாளை முகர்ந்து பார்த்தேன், உங்கள் விபூதி வாசனைதான் வந்தது. கிணற்றடி மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு ஒரு மத்தியானம் படுத்தால் போதும் என்றிருக்கிறது. சரி, அதை விடுங்கள்.

தத்துப்பூச்சிக்கு மருந்து அடித்தாயிற்றா? முன்பணம் வந்தால் முதலில் காவேரிப்பட்டணம் அத்தை கடனைக் கொடுத்துவிடுங்கள், மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள். ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் பழைய துடுப்பைக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்