தாத்தா கான்ட்ராக்டர் இல்லை, மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

நம் குடும்ப மலருக்கு நீங்கள் எழுதி அனுப்பிய பக்கத்தைப் படித்தேன். உங்கள் தாத்தா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, தென்னாப்பிரிக்காவில் நேட்டால் நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்டராக இருந்து பொருள் சேர்த்துத் திரும்பினார் என்று போட்டிருக்கிறீர்கள். போனில் இதைப் பேச ஆரம்பித்தாலே நம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பொதுவிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும், கப்பலேறிப் போன ஒருவரைப் பற்றி இப்படி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும் மற்ற குடும்பங்களும் படித்தால் நல்லது.

அவர் கான்ட்ராக்டர் இல்லை மாமா. ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் போன கூலி.

உங்கள் பீரோவில் இருக்கும் அந்த டிஸ்சார்ஜ் காகிதத்தை, ஒப்பந்தம் முடிந்ததற்குக் கொடுத்த சான்றிதழை, எடுத்துப் பாருங்கள். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்துபோனது. அதில் ஆறு இலக்கத்தில் ஒரு எண் இருக்கிறது, நீங்கள் அதை ஏதோ பதிவு எண் என்று விட்டுவிட்டீர்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் போய் இறங்கிய முதல் கூட்டத்தில் தொடங்கி, 1911-ல் ஆள் அனுப்புவது நிற்கும் வரை, நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் போன ஒவ்வொருவருக்கும் வரிசையாக எண் போட்டார்கள், ஒன்றரை லட்சத்துக்கும் மேல் போனது அந்த வரிசை. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போன வியாபாரிகளுக்கு அந்த வரிசையில் எண் கிடையாது. அந்த எண்ணை வைத்துத்தான் கப்பல் பட்டியலில் அவரைப் பிடித்தேன். பெயரை வைத்துத் தேடியிருந்தால் கிடைத்திருக்கவே மாட்டார், எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிவைத்திருக்கிறார்.

ஒரே ஒரு வரிதான். அவர் பெயர், அப்பா பெயர், வயது 22, வட ஆற்காடு ஜில்லா, வாலாஜா தாலுகா, நம் கிராமம். அங்க அடையாளம் என்ற இடத்தில் இடது கன்னத்தில் தழும்பு, அவ்வளவுதான். சாதிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் பற்றி நேரில் பேசலாம், ஆனால் மலரில் அதை மறைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இந்த அங்க அடையாளத்தைக் கொஞ்சம் கவனியுங்கள் மாமா. தாத்தா முதுகிலும் நெற்றியிலும் நீல நீலமாகப் பச்சை குத்தியிருந்தார், குளிக்கும்போது அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன் என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். கப்பலேறிய அன்று அது அவர் உடம்பில் இல்லை. இருந்திருந்தால் கன்னத்துத் தழும்பைக் குறித்தவர்கள் நெற்றியில் இருப்பதை விட்டிருப்பார்களா? நிலக்கரி வெட்டுகிறவர்களுக்கு மேலிருந்து கல் விழுந்தோ சுவரில் உரசியோ காயம் படும், கரித்தூள் உள்ளே போய்விடும், தோல் அதை வைத்தே மூடி ஆறிவிடும். பிறகு எத்தனை வருஷம் ஆனாலும் அந்த நீலம் போகாது. எந்த நாட்டுச் சுரங்கக்காரர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். நீங்கள் சின்ன வயதில் தொட்டுப் பார்த்தது பச்சை குத்தியது அல்ல, நேட்டாலில் டண்டீ என்ற ஊர்ப் பக்கத்துச் சுரங்கத்தில் பட்ட காயங்கள்.

அப்புறம் அந்தப் பத்து வருஷம். ஐந்து வருஷம் முடிந்தும் முதலாளி விடாமல் வைத்துக்கொண்டார், அவ்வளவு நம்பிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். காகிதம் வேறு கதை சொல்கிறது. முதல் ஒப்பந்தம் 1909-ல் முடிகிறது, உடனே மறு ஒப்பந்தம். ஏன் என்றால் மூன்று பவுன் வரி, பவுன் என்றால் தங்கம் இல்லை, இங்கிலீஷ் பணம். ஒப்பந்தம் முடிந்த ஒருவர் நேட்டாலிலேயே இருக்க வேண்டுமானால் வருஷத்துக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஊருக்குக் கப்பலேற வேண்டும், இரண்டும் முடியாதென்றால் மறுபடி கைநாட்டு வைத்துவிட்டுச் சுரங்கத்துக்கே போக வேண்டும். ஆண்களுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒன்று கூட்டி ஐந்தாவது வருஷம் 14. மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங். நாலு மாதச் சம்பளத்துக்கும் மேல், சாப்பிடாமல் வைத்தால். பெண்களுக்கும் தனியாக அதே வரி உண்டு. கடன் வாங்கிக்கொண்டு கப்பலேறியவர் கையில் எதுவும் இல்லாமல் எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்புவார்? இதை நம்பிக்கை, விசுவாசம் என்றெல்லாம் எழுத எனக்கு மனசு வரவில்லை.

1913 அக்டோபரில் இந்த வரியை எதிர்த்துத்தான் நேட்டாலில் நியூகாசில் பக்கத்துச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், குடியிருப்பு லைன் லைனாகப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள், காந்தியின் கூட்டாளி தம்பி நாயுடு கூடவே இருந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காந்தியோடு டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தார்கள். அவர்களைப் பிடித்து ரயிலேற்றித் திருப்பி அனுப்பி, சுரங்க வளாகங்களையே ஜெயில் என்று அறிவித்து, அங்கே வேலைபார்த்த வெள்ளைக்காரர்களையே வார்டர்களாக்கி, அடித்துச் சுரங்கத்தில் இறக்கப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் தாத்தா டண்டீயில்தான் இருந்தார். ஆனால் அவர் அந்த நடையில் கலந்துகொண்டார் என்று மலரில் போட வேண்டாம், என் தம்பி அப்படிப் போடலாம் என்கிறான், கேட்காதீர்கள். கான்ட்ராக்டர் என்று எழுதுவது எப்படித் தப்போ, கையில் காகிதம் இல்லாமல் போராளி என்று எழுதுவதும் அப்படித்தான்.

வரி 1914-ல் சட்டம் போட்டு ஒழிந்தது. அதே சட்டம், இனி இந்த நாட்டில் எனக்குக் குடியிருக்கும் உரிமை வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பவர்களுக்கு ஊர் திரும்ப இலவசக் கப்பலும் தந்தது. தாத்தா 1915-ல் வந்தது அப்படித்தான். அந்தக் கைநாட்டும் உங்களிடம் இருக்கும் காகிதக் கட்டுக்குள்தான் இருக்கிறது, கடைசிக் காகிதம். பணம் போதும் என்று வந்துவிட்டார் என்று பாட்டி சொன்னது ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம், அந்த ஒரு ஏக்கர் நிலம் அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியதுதான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. நீங்கள் ஏன் வெட்கப்படுகிறீர்கள் என்று உண்மையிலேயே புரியவில்லை மாமா.

"நேட்டால் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலி, 1904–1915" என்று போடுங்கள், கீழே எண்ணையும் போடுங்கள். அந்த எண் அச்சில் இருந்தால் நாளைக்கு யார் தேடினாலும் கிடைப்பார். காகிதங்களை லேமினேட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள், பின்பக்கத்திலும் பென்சில் எழுத்து இருக்கிறது, அதை இன்னும் நான் படிக்கவில்லை. பொங்கலுக்கு வரும்போது ஸ்கேன் செய்துகொள்கிறேன், அதுவரை மடிக்காமல் ஒரு பைலில் வையுங்கள். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மருமகன்