டிசம்பரில் எந்தக் கரை?

ஹட்டன், இலங்கை

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டிசம்பர் லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தியாவில் கடற்கரைப் பக்கம் ஒரு வாரம் இருந்துவிட்டு வர யோசிப்பதாகவும், வேளாங்கண்ணியிலும் ராமேஸ்வரத்திலும் ரூம் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். கட்டாயம் போய் வாருங்கள். ஆனால் டிசம்பரில் அந்தக் கரை வேண்டாம். யாத்திரைக்கு ஆள் கூட்டிப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த ஊர், எந்த ஹோட்டல் என்பதெல்லாம் பிறகு. எந்த மாதம் என்பதுதான் முதலில். மாதம் தெரிந்தால் கரை தானாகத் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் அக்டோபரில் பிடிக்கிற மழை டிசம்பர் வரை விடாது. உங்கள் பண்டாரவளைப் பக்கம் வாடை மழை கொட்டுகிற அதே நாட்கள்தான். புயலும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வரும். தனுஷ்கோடியை அழித்த புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பன் பக்கமிருந்து போன ரயிலையே ஆட்களோடு கடல் கொண்டுபோயிற்று. எல்லா டிசம்பரும் அப்படி இல்லைதான். ஆனால் புயல் இல்லாத நாளிலும் தண்ணீர் கலங்கிக் கிடக்கும், அலை கரையை அறுக்கும், படகு விடமாட்டார்கள். காசு கட்டிப் போய்விட்டு லாட்ஜ் அறைக்குள் மழையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டிவரும்.

டிசம்பருக்கு ஏற்றது கேரளக் கரை. அங்கே கடல் முரண்டு பிடிப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை. டிசம்பர் பிற்பாதியில் மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காலையில் அலையும் அடங்கியிருக்கும். கொழும்பிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நேரே விமானம் உண்டு. இறங்கினால் கோவளம் சுமார் 15 கிலோமீட்டர். ஒரே சிக்கல், கிறிஸ்துமஸுக்கும் புதுவருசத்துக்கும் இடையில் அறை வாடகை ஏறிக்கிடக்கும். லீவு விட்டதுமே போய் 23ஆம் தேதிக்குள் திரும்புவது போலப் பார். அறை எடுக்கும்போது ‘கோவளம், கேரளா’ என்று உறுதிப்படுத்திக்கொள். சென்னைக்குத் தெற்கே ஒரு கோவளம் இருக்கிறது, கன்னியாகுமரிக்குப் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்துக் காசு கட்டிவிடாதே.

ராமேஸ்வரம்தான் பார்க்க வேண்டுமென்றால் அதைச் சித்திரை லீவுக்கு வை. விமானத்தில் மதுரை வரை போய் அங்கிருந்து வேன் பிடித்தால் மூன்றரை, நான்கு மணி நேரம். அந்தத் தீவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு விதமான கடல். வடக்கே பாக்கு நீரிணைப் பக்கத்தை அங்குள்ளவர்கள் பெண்கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். ஏப்ரலில் பெண்கடல் குளம் போலக் கிடக்கும். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அரியமான் என்று ஒரு கரை, சவுக்குத் தோப்பு நிழலோடு, தூரம் வரை ஆழமில்லாமல் இருக்கும். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்தில் இல்லை. பெண்கடல் என்ற பெயரை நம்பி வாடைக்காலத்திலும் அது சாது என்று நினைத்துவிடாதே. அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் முரட்டுக் கடல் அதுதான்.

தனுஷ்கோடி பார்க்கப் போனால் காலையிலேயே போய்விடு. 2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்த பிறகு பஸ்ஸும் வேனும் நேரே போகின்றன, ஆனால் பொழுது சாயுமுன் பொலிஸ் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும். முனையில் இரண்டு கடலும் மோதுகிற இடத்தில் கணுக்கால் அளவுக்குக்கூட இறங்கவிடாதே. அங்கே மணல் நிலையாக நிற்பதில்லை, காலுக்கு அடியிலிருந்தே உருவிக்கொண்டு போகும். இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டு. நம் பாட்டன் பூட்டன் காலத்து ஆட்கள் கப்பலேறித் தலைமன்னாருக்கு வந்தது அந்தக் கரையிலிருந்துதான் என்பதையும் சொல்லிக்கொடு. புத்தகத்தில் படிப்பதைவிட அங்கே நின்று கேட்டால் மனதில் பதியும்.

ஆகஸ்ட் லீவென்றால் கேரளப் பக்கம் திரும்பாதே, கிழக்குக் கரைதான். வேளாங்கண்ணிக்குத் திருச்சி வழியாகப் போகலாம். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருநாள். அந்த நாட்களில் கரையில் நிற்கவே இடம் கிடைக்காது. நேர்த்திக்கடன் இருந்தால் மட்டும் அப்போது போகலாம். ஆகஸ்டில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. காலையில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அதனால் தண்ணீர் தட்டையாக, பயமில்லாதது போலத் தெரியும். காற்றடைத்த டியூப்பிலோ மிதவையிலோ பிள்ளையை உட்காரவைத்தால், நீ திரும்பிப் பார்ப்பதற்குள் அது ஆழத்துக்குப் போய்விடும். எந்தக் கரையானாலும் மிதவைப் பொம்மை வாங்கிக் கொடுக்காதே. பந்து கடலுக்குள் போனால் போகட்டும், பின்னால் யாரும் போகக்கூடாது.

இனிச் சொல்லப்போவதை மாப்பிள்ளையும் வாசிக்க வேண்டும். நம் பிள்ளைகள் ஓயா ஆற்றில் குளித்துப் பழகியவர்கள். ஆறு ஒரே பக்கமாகத்தான் இழுக்கும். எங்கே இழுக்கிறது என்று கண்ணுக்கும் தெரியும். கடல் அப்படி இல்லை. அலை அலையாகக் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். அடியில் மணல்மேடு எங்கே தாழ்ந்திருக்கிறதோ, அந்த ஒடுக்கமான வழியில் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து வெளியே பாயும். நன்றாக நீந்துகிறவனாலும் அதை எதிர்த்து வரமுடியாது. அதைக் கண்டுபிடிப்பது இப்படி: வந்ததும் இறங்காமல் உயரமான இடத்தில் பத்து நிமிடம் நின்று பார். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கறுத்தோ, மணல் கலங்கியோ, நுரை வெளிப்பக்கமாக நகர்ந்தோ தெரியும். தெரியாதவர்கள் ‘இங்கேதான் அலை இல்லை’ என்று அதிலேயே போய் இறங்குவார்கள். ஆள் சாகிற இடம் அதுதான்.

அதேபோல் பாறை முனைகளை ஒட்டியும், ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்திலும், கரை அரிக்காமலிருக்கக் கருங்கல் கொட்டிப் போட்ட தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் இழுப்பு எப்போதும் இருக்கும். கோவளத்தில் ஒவ்வொரு கரையையும் பாறை முனைதான் பிரிக்கிறது. ஆகவே முனையை விட்டுத் தள்ளி, கரையின் நடுப்பகுதியில், உயிர்காப்பாளர் நிற்கிற இடத்துக்கு நேரே குளியுங்கள். சிவப்பும் மஞ்சளும் பாதி பாதியாக உள்ள இரண்டு கொடிக்கு இடையில்தான் குளிக்க வேண்டும். முழுச் சிவப்புக் கொடி என்றால் கால் நனைக்கவும் வேண்டாம். விசில் அடித்தால் ஏன் எதற்கென்று கேட்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

தப்பித் தவறி இழுத்துக்கொண்டு போனால் கரையைப் பார்த்து நீந்தக்கூடாது. களைத்துப்போவதால்தான் மூழ்குகிறார்கள்; அந்த ஓட்டம் ஆளை அடியில் அமுக்குவதில்லை, வெளியேதான் கொண்டுபோகும். மல்லாந்து மிதந்துகொண்டு, ஒரு கையைத் தூக்கிக் காட்டி, இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடைகிற இடத்துக்கு வந்து அலையோடு கரையேற வேண்டும். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் வெறும் கையோடு குதிப்பதும் கூடாது. மூடிய வெறும் போத்தலோ, கேனோ, கயிறோ எதையாவது வீசிவிட்டு உயிர்காப்பாளரைக் கூப்பிடு. இந்தியாவில் அவசர இலக்கம் 112, அம்புலன்ஸ் 108. நீந்தத் தெரியாத நீ முழங்காலுக்கு மேல் போகாதே. சின்னவள் எப்போதும் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அந்த ஒருவர் நீயா மாப்பிள்ளையா என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்து, கடைசியில் யாரும் பார்க்காமல் போவதுதான் வழக்கமாக நடக்கிறது.

கள்ளக்கடல் என்று கேரளாவிலும் குமரிப் பக்கமும் சொல்வார்கள். தூரத்துத் தென்கடலில் எழுந்த அலை, இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். ஏப்ரல், மே மாதங்களில்தான் கூடுதல். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் ஐந்து பேர் போனது, அந்த எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான். காலையில் ஹோட்டலில் ‘இன்றைக்குக் கடல் எச்சரிக்கை ஏதாவது உண்டா’ என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். கோவளத்துக்காரர்களுக்குத் தமிழ் விளங்கும். கடல் வழக்கத்துக்கு மாறாகத் தூரம் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுப் பக்கம் ஓடுங்கள்.

வர்க்கலாவும் அழகான இடம். செம்மண் பாறை மேட்டுக்குக் கீழே கடல். ஆனால் மேட்டு விளிம்பில் சில இடங்களில் தடுப்பு இல்லை, மூத்தவன் ஓடுகிற பிள்ளை. மேட்டின் அடியில் நிழலுக்கு உட்காரவும் வேண்டாம், மண் உதிரும். அம்மாவும் வருவதாக இருந்தால் படியிறங்கி ஏறுவது அவள் முழங்காலுக்கு ஆகாது. அப்போது கோவளமே போதும். வர்க்கலாவின் பாபநாசம் கரையில் பிதிர்க்கடன் செய்கிறவர்கள் இருப்பார்கள். அந்த இடத்தில் விளையாட்டு வேண்டாம்.

உங்கள் குளிருக்குப் பழகிய உடம்புக்கு 31, 32 பாகைச் சூடே அதிகம். காலை ஒன்பதுக்கு முன்னும் பிற்பகல் நாலுக்குப் பின்னும் மட்டும் கடல். வெயில் கிரீமை இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே பூசி, குளித்தெழுந்ததும் திரும்பப் பூச வேண்டும். முழுக்கை பருத்திச் சட்டை அதைவிட நல்லது. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனித் தூள் நாலைந்து பாக்கெட் கொண்டுபோ. பாக்கெட்டில் சொல்லியிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பிள்ளை குடிக்கவில்லை என்று கொஞ்சத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தால் உப்பு கூடி வயிற்றோட்டம் இன்னும் மோசமாகும்.

சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக்கூடாது. இரண்டாலும் தோலில் ஒட்டிய முட்கள் இன்னும் வெடித்து விஷம் இறங்கும். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருப்பதைச் சாமணத்தால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தால் கடுப்பு இறங்கும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ நேரே ஆஸ்பத்திரி. கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடப்பதையும் தொடவிடாதே, அதிலும் விஷம் இருக்கும்.

மீன் பொரித்து விற்கிற கடையில், காலையிலேயே மசாலா தடவித் தட்டில் அடுக்கியதை வாங்காதே. அந்தச் சிவப்புப் பூச்சுக்குள் மீன் எப்படி இருக்கிறது என்று தெரியாது. பச்சை மீனைக் காட்டச் சொல்: கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, அமுக்கினால் சதை திரும்பி எழும்ப வேண்டும். உன் முன்னால் தடவிப் பொரிக்கட்டும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது நாட்டுப்படகு மீன்தான் புதிது. மற்றது வெளியூரிலிருந்து ஐஸில் வந்தது. பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை போன்றவற்றைக் கொண்டுவராதே, சட்டப்படி குற்றம். பிள்ளைகள் பொறுக்கிய சிப்பிப் பையை நீயே பிரித்துப் பார்த்துவிட்டுக் கட்டு.

பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் ஆறு மாதமாவது காலம் இருக்க வேண்டும். இ-விசாவை அரசாங்கத்தின் தளத்தில் மட்டும் எடு, முகவரி ‘gov.in’ என்று முடிய வேண்டும். அதேபோலத் தோற்றமுள்ள இடைத்தரகர் தளங்கள் கூடுதல் காசு பிடுங்கும். படிவத்தில் தாய் தகப்பனின் பிறந்த இடம், முன்னைய குடியுரிமை எல்லாம் கேட்பார்கள். நம் குடும்பங்களில் அது சிக்கலான விஷயம், பத்திரத்தில் உள்ளபடியே எழுது.

சின்ன லாட்ஜ்கள் சிலவற்றில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைக் கண்டதும் அறை இல்லை என்று சொல்வார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் அதை அரசாங்கத்துக்குப் படிவம் போட்டுப் பதிய வேண்டும் (‘சி’ படிவம் என்று சொல்லி வந்தது), அந்த வசதி இல்லாதவர்கள் தட்டிக்கழிப்பார்கள். முற்பணம் கட்டுமுன்பே ‘இலங்கைப் பாஸ்போர்ட், வெளிநாட்டவர் படிவம் போடுவீர்களா’ என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். அங்கே பெட்டிக்கடை வரை போனில் ஸ்கேன் பண்ணித்தான் காசு வாங்குகிறார்கள், சில்லறைத் தாள் கையில் இருக்கட்டும்.

காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பலைப் பற்றி மாப்பிள்ளை கேட்டிருந்தார். 2023 அக்டோபரில் தொடங்கி, பருவமழையால் சில நாட்களிலேயே நிறுத்தி, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். சுமார் நாலு மணி நேர ஓட்டம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் டிசம்பரில் லீவு நாள் எண்ணிப் போகிறவர்களுக்கு அது சரிவராது, கடல் சரியில்லையென்றால் கப்பல் நிற்கும். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் முதல் நாளே மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். மழை நாளில் மலைப்பாதையில் பெரகலைப் பக்கம் மண் சரிந்தால் மணிக்கணக்கில் வழி அடைபடும், விமானம் உங்களுக்காக நிற்காது.

விசா படிவத்தை நிரப்பியதும் அனுப்பிவிடாமல் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தும் அதில் உள்ள எழுத்தும் ஒன்றா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா